பாகிஸ்தானின் பாதுகாப்புக் கொள்கைக்கு இந்தியா மட்டும்தான் காரணமா?

3 ஜூலை 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

பாகிஸ்தானின் பாதுகாப்புக் கொள்கையை விளங்கிக்கொள்ள இந்தியப் பகை என்ற ஒரே காரணம் போதும் என்பது என் கருத்து. காஷ்மீர், அணுகுண்டு, சீன நட்பு, ஆப்கன் தலையீடு எல்லாமே அதிலிருந்து கிளைத்தவை. பலூச்சியர், பஷ்தூன்கள், சிந்திகள் ஆகியோரின் மனக்குறைகள் உள்நாட்டு நிர்வாகச் சிக்கல்கள். அவற்றை இதில் சேர்ப்பது குழப்பத்தையே தரும். மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுதலாம்.

3 ஜூலை 2025, இரவு

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இந்தியப் பகை முதன்மையானது என்பதில் ஐயமில்லை. வாகா எல்லையிலிருந்து லாகூர் நகரம் இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்படி ஒரு நகரத்தை வைத்திருக்கும் எந்த அரசும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் படையை நிறுத்தும். ஆனால் எந்தப் பகுதியைக் காப்பது, எதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விடுவது, யாரைப் படையில் சேர்ப்பது, எந்தக் கோரிக்கையைச் சதி என்று படிப்பது ஆகியவற்றையெல்லாம் இந்தியப் பகை மட்டும் தீர்மானிக்கவில்லை. அவற்றைத் தீர்மானித்ததில் உள்நாட்டு இனப் பிளவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு செய்தியிலிருந்து தொடங்குகிறேன். 1947 செப்டம்பர் 30 அன்று ஐ.நா. சபையில் பாகிஸ்தானைச் சேர்க்க வாக்கெடுப்பு நடந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். சில வாரங்களில் அந்த எதிர்ப்பை விலக்கிக்கொண்டது என்றாலும், 1893இல் ஆங்கிலேய அதிகாரி மார்ட்டிமர் டூரண்ட் வகுத்த எல்லைக்கோட்டை அந்நாடு ஏற்கவில்லை. கோட்டின் இருபுறமும் பஷ்தூன்கள் வாழ்கிறார்கள். ஆகவே புதிய நாடு பிறந்த சில வாரங்களிலேயே, கிழக்கே ஒரு பகையும் மேற்கே அதன் குடிமக்களில் ஒரு பிரிவினரைத் தன்னவர் என்று சொல்லும் அண்டை நாடும் அதற்கு இருந்தன. இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து படைத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டியின் தளபதிகள் ஒருபோதும் சிந்திக்கவில்லை.

5 ஜூலை 2025

இந்த விவாதத்துக்கு மிக முக்கியமான சான்று கிழக்குப் பாகிஸ்தான், அதாவது இன்றைய வங்கதேசம். இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

நாட்டின் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வங்காளிகள். இருந்தும், 'கிழக்கின் பாதுகாப்பு மேற்கில் இருக்கிறது' என்பதே படையின் அடிப்படைக் கோட்பாடாக இருந்தது. கிழக்கைத் தாக்கினால் பஞ்சாப் எல்லையில் இந்தியாவைத் திருப்பி அடிப்போம், அதற்கு அஞ்சி இந்தியா கிழக்கில் கை வைக்காது என்பது இதன் உட்பொருள். வரைபடத்தை மட்டும் பார்த்தால் இதில் ஒரு நியாயம் தெரியும். கிழக்கு மூன்று பக்கமும் இந்தியாவால் சூழப்பட்ட பகுதி, அங்கே பெரும்படையை நிறுத்திக் காப்பது கடினம். ஆனால் அங்கே வாழும் மனிதருக்கு இந்தக் கோட்பாடு எப்படிக் கேட்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1965இல் இந்தியாவுடன் நடந்த போரில் அது அவர்கள் காதில் விழுந்தது. அப்போது கிழக்கில் இருந்தவை ஒரு காலாட்படை டிவிஷனும் ஒரு போர் விமானப் பிரிவும் மட்டுமே. பதினேழு நாட்கள் மேற்கில் போர் நடந்தபோது கிழக்கு தொடர்பற்றுத் தனித்து நின்றது. இந்தியா தரைவழியே அங்கு நுழையாததற்குச் சீனாவின் மீதான அச்சமே காரணம் என்று மேற்கிலிருந்து விளக்கம் வந்தபோது, எங்களைக் காப்பது பீகிங் என்றால் ராவல்பிண்டிக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்ற கேள்வி வங்காளிகளிடம் எழுந்தது இயல்பானதே. அடுத்த பிப்ரவரியில் வங்காளிகளின் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மான் லாகூரில் வைத்த ஆறு அம்சத் திட்டத்தின் ஆறாவது அம்சம் இதற்கு நேரான பதில்: கிழக்குக்கெனத் தனித் துணைப்படை வேண்டும்.

இந்தக் கோரிக்கை 1966இல் முளைத்ததும் அல்ல. 1954இல் கிழக்கில் நடந்த தேர்தலில் வங்காளக் கட்சிகளின் கூட்டணியான ஐக்கிய முன்னணி வைத்த 21 அம்சங்களிலேயே, கடற்படைத் தலைமையகம் கிழக்குக்கு வர வேண்டும், அங்கே ஆயுதத் தொழிற்சாலை அமைய வேண்டும் என்பவை இருந்தன. முன்னணி பெருவெற்றி பெற்றது. ஆனால் முதலமைச்சரான ஏ.கே. பஸ்லுல் ஹக்கின் ஆட்சி, அவர் கல்கத்தாவில் பேசிய பேச்சைச் சுட்டி, இரண்டே மாதங்களில் கலைக்கப்பட்டது. துரோகி என்றும் அவர் அழைக்கப்பட்டார். 1940இல் லாகூர்த் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர்தான் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது. பாதுகாப்பில் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டவர்களே பாதுகாப்புக்கு ஆபத்தானவர்களாகப் பார்க்கப்பட்டார்கள். இதை நிர்வாகச் சிக்கல் என்ற தலைப்பில் அடக்க என்னால் முடியவில்லை.

6 ஜூலை 2025

இங்கே ஒருவர், வங்காளிகள் படையில் சேர முன்வரவில்லை, அதற்கு அரசு என்ன செய்யும் என்று எழுதியிருக்கிறார். 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் 'போர்க்குடிகள்' என்ற பிரிப்பை வைத்துக்கொண்டு, வங்காளிகளை ஒதுக்கிவிட்டு, ஜீலம், ராவல்பிண்டி, அட்டோக் போன்ற மாவட்டங்களிலிருந்தே ஆள் எடுத்தார்கள். புதிய நாடு அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டது. 1948இல் கிழக்கு வங்காள ரெஜிமெண்ட் தொடங்கப்பட்டாலும் அது மிக மெதுவாகவே வளர்க்கப்பட்டது.

வங்காளிகள் போரிடத் தெரியாதவர்கள் என்ற வாதத்துக்கு 1965லேயே விடை கிடைத்துவிட்டது. அந்த ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் லாகூரைக் காக்கும் பணியில் பேதியான் பகுதியில் நின்று போரிட்டுப் பல வீர விருதுகள் பெற்றது. அதில் ஒரு கம்பெனிக்குத் தலைமை தாங்கியவர் ஜியாவுர் ரஹ்மான். ஆறு ஆண்டுகளுக்குள், 1971 மார்ச் 27 அன்று, சிட்டகாங் அருகே கலூர்காட் வானொலி நிலையத்திலிருந்து வங்கதேச விடுதலையை அறிவித்தவர்களில் அவரும் ஒருவர். பஞ்சாபைக் காக்க உயிரைப் பணயம் வைத்த அதிகாரியை அந்த நிலைக்குக் கொண்டுசென்றது டெல்லி மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

6 ஜூலை 2025, பின்னிரவு

இலங்கைக்கு இதில் தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு. உண்டு. 1971 ஜனவரியில் இந்திய விமானம் ஒன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டது. அதன் பின் இந்தியா தன் வான்வெளியைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. கராச்சியிலிருந்து டாக்கா செல்ல, தீபகற்பத்தைச் சுற்றிவந்து கொழும்பில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, ஏறத்தாழ இரு மடங்குத் தொலைவு பறக்க வேண்டியதாயிற்று. மார்ச் 25 இரவு வங்காளிகள் மீது ராணுவ நடவடிக்கை தொடங்கியபோது கிழக்கில் இருந்தது அதே ஒரு டிவிஷன்தான், 14ஆவது. பின்னர் 9ஆவது, 16ஆவது டிவிஷன்களின் வீரர்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி இந்த வழியாகவே கொண்டுபோனார்கள். கனரக ஆயுதங்களைக் கொண்டுபோக முடியவில்லை. அவர்கள் போனது உள்ளூர் எழுச்சியை அடக்க. இந்தியாவுடன் முழுப் போர் மூண்டது அதற்கு எட்டு மாதங்களுக்குப் பிறகு. டிசம்பர் 3 அன்று கோட்பாட்டின்படி மேற்கிலிருந்து தாக்கினார்கள்; பதின்மூன்றாம் நாள் டாக்காவில் கிழக்கின் படைத் தளபதி நியாஸி சரணடைந்தார். கிழக்கின் பாதுகாப்பு மேற்கில் இல்லை என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

9 ஜூலை 2025

கேள்வி எழுப்பிய நண்பர் அகர்தலா வழக்கை நினைவூட்டியிருக்கிறார். நியாயமான மறுப்பு. 1968இல் முஜிப் உட்பட 35 பேர் மீது, இந்தியாவோடு சேர்ந்து கிழக்கைப் பிரிக்கச் சதி செய்தார்கள் என்று வழக்குப் போட்டார்கள். மக்கள் கிளர்ச்சியால் 1969இல் திரும்பப் பெற்றார்கள். அது முழுப் பொய் என்று நான் எழுதப்போவதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து வங்கதேச நாடாளுமன்றத்திலேயே, அப்படி ஒரு திட்டம் இருந்தது உண்மைதான் என்று கூறியிருக்கிறார். அந்தப் பட்டியலில் இருந்தவர்களில் பெரும்பாலோர் கடற்படையிலும் தரைப்படையிலும் பணியாற்றிய வங்காளிகள் என்பதை மட்டும் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கடற்படைத் தலைமையகத்தைக் கேட்டுப் பெறாத மக்களின் கடற்படை அதிகாரிகள் பதினான்கு ஆண்டுகளில் எங்கே போய் நின்றார்கள் என்பதுதான் அந்த வழக்கு காட்டும் வரலாறு. அண்டை நாட்டின் கை நுழைந்ததை நான் மறுக்கவில்லை. கதவு எப்படித் திறந்தது என்பதைத்தான் கேட்கிறேன்.

14 ஜூலை 2025

பலூச்சிஸ்தான் பற்றி எழுதுவதைத் தள்ளிப்போட்டேன். அதில் என் சொந்த அனுபவமும் கலந்திருக்கிறது.

மஸ்கட்டில் ரூவி பகுதியில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் சில ஆண்டுகள் கணக்கு எழுதினேன். அங்கே சரக்குப் பொறுப்பாளராக இருந்த முதியவர் ஒரு பலூச்சியர். பகல் உணவுக்குப் பிறகு அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அமர்ந்து, சர்க்கரை போடாத தேநீரை ஊதி ஊதிக் குடித்தபடி பேசுவார். பலூச்சிஸ்தான் கரையில் உள்ள குவாதர் துறைமுகம் 1958 வரை ஓமன் சுல்தானுக்குச் சொந்தமாக இருந்து, பிறகுதான் பாகிஸ்தான் அதை விலைக்கு வாங்கியது என்பதை அவர் வாயிலாகத்தான் முதலில் அறிந்தேன். அவருடைய தந்தை சுல்தானின் படையில் இருந்தவர். அந்தப் படைக்குப் பலூச்சியரைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். 'எங்கள் பிள்ளைகள் மஸ்கட் படையில் சேரலாம், பிண்டியின் படையில் இடமில்லை' என்றார் ஒருநாள். பாகிஸ்தான் படையில் பலூச் ரெஜிமெண்ட் என்றே ஒன்று இருக்கிறதே என்று கேட்டேன். அதில் இருப்பவர்கள் பஞ்சாபியரும் பட்டாணியரும்தான் என்றார். பிறகு படித்துப் பார்த்தபோது அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இப்போது 1973க்கு வருகிறேன். வங்காளத்தை இழந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பலூச்சிஸ்தானில் அதாவுல்லா மெங்கல் தலைமையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு இருந்தது. பிப்ரவரியில் இஸ்லாமாபாத்தில் ஈராக் தூதரகத்தில் நூற்றுக்கணக்கான சோவியத் துப்பாக்கிகள் கைப்பற்றப்பட்டன. சில நாட்களுக்குள் பாகிஸ்தான் அதிபர் புட்டோ மெங்கலின் அரசைக் கலைத்தார். அதைக் கண்டித்து பஷ்தூன்கள் வாழும் எல்லைப்புற மாகாணத்தின் அரசும் பதவி விலகியது. பின்னர் 1977 வரை நீண்ட மலைப்போர்.

இந்தப் போரில் இந்தியாவைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது ஈரானும் ஈராக்கும்தான். ஷத்துல் அரபு நீர்வழிக்காக ஈராக்கோடு பகை கொண்டிருந்த ஈரான் ஷா, தன் எல்லைக்குள் வாழும் பலூச்சியரிடம் இந்தத் தீ பரவிவிடும் என்று அஞ்சி, பாகிஸ்தானுக்குக் கோப்ரா வகைப் போர் ஹெலிகாப்டர்களைக் கொடுத்தார். ஈராக்கோ ஈரானைத் தொல்லைப்படுத்தப் பலூச்சியருக்கு உதவியது. இரு அண்டை நாடுகளின் போட்டி மூன்றாவது நாட்டின் மலைக்குடிகள் மேல் வந்து இறங்கியது. இந்தியா என்ற ஒரே காரணம் இங்கே போதவில்லை.

15 ஜூலை 2025

நேற்றைய குறிப்பில் சேர்க்க வேண்டியது: பலூச்சிஸ்தானின் சூயியில் 1952இல் இயற்கை எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வாயு நாட்டின் மற்ற நகரங்களின் அடுப்புகளை எரித்துப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பலூச்சிஸ்தானின் பெரும்பாலான ஊர்களில் விறகுதான். எரிவாயுக் குழாயைக் காக்கும் பணி அங்கே பாதுகாப்புப் பணியாகிவிட்டது. 2006 ஆகஸ்டில் பலூச் தலைவர் அக்பர் புக்தி ராணுவ நடவடிக்கையில் கொல்லப்பட்டதன் பின்னணியிலும் இந்த வாயுதான் இருக்கிறது. அவர் ஒருகாலத்தில் அதே மாகாணத்தின் ஆளுநராக, அரசின் பக்கம் நின்றவர்.

20 ஜூலை 2025

என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றை நானே எடுத்து வைக்கிறேன்; பஷ்தூன்கள். இனப் பிளவு இருந்தாலே பிரிவினையும் அடக்குமுறையும் வரும் என்றால், டூரண்ட் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அவர்கள்தான் முதலில் பிரிந்திருக்க வேண்டும். எல்லை காந்தி கான் அப்துல் கஃபார் கான் போன்ற மாபெரும் தலைவர் அவர்களுக்கு இருந்தார். தன் உடலை ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாதில் அடக்கம் செய்யும்படி கேட்டுக்கொண்டே 1988இல் மறைந்தார். இருந்தும் பஷ்தூனிஸ்தான் என்ற தனிநாட்டுக் கோரிக்கை படிப்படியாக வலுவிழந்தது. கோஹாட், மர்தான் போன்ற மாவட்டங்களிலிருந்து பஷ்தூன்கள் படையில் ஏராளமாகச் சேர்ந்தார்கள்; லாரிப் போக்குவரத்தும் கராச்சியும் அவர்களுக்குப் பிழைப்பு கொடுத்தன. ஆகவே என் கருத்தை இன்னும் துல்லியமாகச் சொல்ல வேண்டும். பிளவு இருக்கிறதா என்பதைவிட, அரசிலும் படையிலும் பங்கு கிடைத்ததா என்பதே பெரிதாகத் தெரிகிறது.

ஆனாலும் கொள்கையை வகுத்தவர்களின் அச்சம் நீங்கவில்லை. ஆப்கன் தலையீடு 1979இல் சோவியத் படைகள் வந்தபின் தொடங்கியது என்று பலரும் நினைக்கிறார்கள். 1973இல் பஷ்தூனிஸ்தான் ஆதரவாளரான தாவூத் கான் காபூலில் ஆட்சியைப் பிடித்தவுடனேயே, புட்டோவின் அரசு ஹெக்மத்யார், மசூத் போன்ற ஆப்கன் இஸ்லாமியவாத இளைஞர்களை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தது. அவர்கள் 1975இல் பஞ்ச்ஷீரில் நடத்திய கிளர்ச்சி தோற்றது. இன உணர்வை மத உணர்வால் கட்டுப்படுத்துவது என்ற வழி அங்கே பிறந்தது. இந்தியாவுடன் போர் வந்தால் பின்வாங்க ஆப்கானிஸ்தான் இடம் தரும் என்ற 'ஆழ்வெளி'ப் பேச்சு 1980களின் இறுதியில்தான் அதன்மேல் ஏறியது. எந்த ஆப்கன் அரசும், தாலிபான் உட்பட, டூரண்ட் கோட்டை ஏற்கவில்லை. 2017இல் பாகிஸ்தான் அங்கே வேலி போடத் தொடங்கியது.

21 ஜூலை 2025

கிடங்கில் வஜீரிஸ்தானைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். ஊரில் யாரோ ஒருவன் குற்றம் செய்துவிட்டு ஓடிப்போனால், அவனுடைய குலத்தைச் சேர்ந்த அத்தனை பேரின் கடைகளையும் அதிகாரி பூட்டி முத்திரை வைத்துவிடுவார் என்று சொன்னார். நான் நம்பவில்லை. 1901இல் ஆங்கிலேயர் இயற்றிய எல்லைப்புறக் குற்றச் சட்டம் அதைத்தான் அனுமதித்தது. பழங்குடிப் பகுதிகள் 2018இல் மாகாணத்தோடு இணைக்கப்படும் வரை அது நடைமுறையில் இருந்தது. 2014இல் அங்கே நடந்த ராணுவ நடவடிக்கையின்போது அவருடைய குடும்பம் பன்னுவுக்கு இடம்பெயர்ந்தது. மர்தானிலிருந்து வந்த மற்றொரு பஷ்தூன் ஊழியரின் அண்ணன் படையில் சுபேதார். ஒரே மொழி பேசும் இருவருக்கும் அரசு இருவேறு முகங்களைக் காட்டியிருக்கிறது. நேற்று 'பஷ்தூன்கள்' என்று மொத்தமாக எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

26 ஜூலை 2025

அணுகுண்டு இந்தியாவுக்காகத்தானே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஆம், இலக்கு இந்தியாதான். ஆனால் காலத்தைப் பாருங்கள். புட்டோ முல்தானில் விஞ்ஞானிகளைக் கூட்டி அணுகுண்டு வேண்டும் என்று கேட்டது 1972 ஜனவரி. பொக்ரானில் இந்தியா சோதனை நடத்தியது 1974 மே. முல்தான் கூட்டத்துக்குச் சில வாரங்கள் முன்புதான் நாட்டின் பாதி கையைவிட்டுப் போயிருந்தது. இனப் பிளவால் உள்ளே உடைந்த நாட்டை மறுமுறை வெளியாள் உடைக்காமல் இருக்க ஒரு காப்பு என்று அதைப் பார்த்தார்கள். 1998 மே 28 அன்று அந்தக் குண்டு வெடிக்கப்பட்ட இடம் பலூச்சிஸ்தானின் சாகாய் மாவட்டம். நாடு அதை வெற்றி நாளாகக் கொண்டாட, பலூச் தேசியவாதிகள் கருப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

2 ஆகஸ்ட் 2025

மார்ச் 11 அன்று போலான் கணவாயில் ஜாஃபர் எக்ஸ்பிரஸ் கடத்தப்பட்டதை வைத்து, இது முழுக்க வெளிநாட்டுச் சதி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பயணிகளைப் பிணையாகப் பிடித்துக் கொன்றது கொடுமை. அதற்கு எந்தக் குறையும் நியாயமாகாது. ஆனால் மே மாதம் அரசு, பலூச் ஆயுதக் குழுக்கள் அனைத்தையும் இந்தியாவின் பெயரைச் சேர்த்தே குறிப்பிட வேண்டும் என்று முடிவு செய்தது. நாட்டில் பணிபுரியும் சீனர்களைக் காக்க 2016இல் தனி டிவிஷன் எழுப்பினார்கள். 2020 இறுதியில் குவாதர் நகரைச் சுற்றி வேலி போடத் தொடங்கி, எதிர்ப்பு வலுக்கவே நிறுத்தினார்கள். காணாமற்போனோருக்காக 2023இல் பலூச்சிஸ்தானின் துர்பத்திலிருந்து இஸ்லாமாபாத்துக்கு அணிவகுத்துச் சென்ற பெண்கள் கையில் உறவினரின் படங்கள்தான், ஆயுதம் இல்லை. அவர்களை வழிநடத்திய மஹ்ரங் பலூச் இந்த மார்ச்சில் கைது செய்யப்பட்டார். ஆயுதம் ஏந்தியவரையும் படம் ஏந்தியவரையும் ஒரே பட்டியலில் வைத்தால், படம் ஏந்தியவருக்கு வேறு வழி எதை விட்டுவைக்கிறோம்? 1954இல் டாக்காவில் நடந்ததை நான் அத்தனை விரிவாக எழுதியதற்குக் காரணம் இதுதான்.

4 ஆகஸ்ட் 2025

சிந்து பற்றிக் கேட்ட நண்பருக்குச் சுருக்கமாக. 1983இல் ராணுவ ஆட்சியாளர் ஜியாவுல் ஹக்குக்கு எதிரான ஜனநாயக மீட்பு இயக்கம் சிந்தின் கிராமங்களில்தான் மிக உக்கிரமாக நடந்தது. ராணுவம் இறங்கி அடக்கியது. இந்திரா காந்தி அந்த இயக்கத்துக்கு ஆதரவாகப் பேசியது ஜியாவுக்கு வசதியாகப் போயிற்று. கிளர்ச்சியை இந்தியாவின் வேலை என்று சொல்ல முடிந்தது. சிந்தி தேசியத் தலைவர் ஜி.எம். சையதின் தனிநாட்டுக் குரலும் அப்போது உயர்ந்து ஒலித்தது. ஆனால் 1988இல் தேர்தல் நடந்து லர்கானாவின் மகள் பெனசிர் பிரதமரானார். அதன்பின் சிந்தி தேசியவாதக் கட்சிகள் தேர்தலில் பெரிய வெற்றி எதையும் பெறவில்லை. அதே மாகாணம், அதே இந்திய எல்லை, அதே மொழி. நடுவில் மாறியது ஒரு வாக்குப்பெட்டிதான்.